தொடை எலும்பின் அளவும் மரபணுவின் சாட்சியும்

கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்தை ஒட்டிச் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையில் மருத்துவர் அளந்து குறித்துக்கொள்ளும் அளவுகள் பல. அவற்றுள் சிசுவினுடைய தொடை எலும்பின் நீளத்தைப்போல எளிதில் அளக்கத்தக்கதும், அது குறைந்து காணப்படுமாயின் பெற்றோருக்கு அத்துணைச் சஞ்சலத்தை விளைவிக்கத்தக்கதும் பிறிதொன்றில்லை என்றே கூறலாம். கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, கேளா ஒலியைக்கொண்டு கருப்பையின் உள்ளே பார்க்க இயலும் என்று 1958-இல் உலகுக்கு உணர்த்தினார். ஒலியை வலுவாகத் திருப்பியனுப்பும் இயல்பு எலும்புக்கு உண்டாதலால், அக்கருவிக்கு மிகத் தெளிவாகப் புலப்படும் அவயவமும் அதுவாகவே இருந்து வருகிறது. ஆனால் ஒன்று கண்ணுக்குப் புலப்படுவது வேறு, அதன் காரணம் விளங்குவது வேறு. தொடை எலும்பு குட்டையாகத் தோன்றுவதற்குக் கர்ப்ப காலக் கணக்கில் நேர்ந்த பிழை காரணமாகலாம். தாயும் தந்தையும் உயரம் குறைந்தவர்களாக இருப்பது காரணமாகலாம். நஞ்சுக்கொடியின் வழியே போதிய இரத்தம் செல்லாமையால் சிசு முழுவதுமே மெலிந்திருக்கலாம். இவை யாவும் அன்றி, பரம்பரையாக வந்ததோ புதிதாகத் தோன்றியதோ ஆன மரபணுக் கோளாறு ஒன்று எலும்பின் வளர்ச்சியையே தாக்கியிருக்கலாம். இக்கடைசி வகையைச் சேர்ந்த நோய்கள் மட்டும், நிபுணர்கள் 2023-இல் திருத்தி வெளியிட்ட சர்வதேசப் பட்டியலின்படி, 771. அவற்றோடு தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்ட மரபணுக்கள் 552. பிறந்த சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்திவிடும் நோய்களும் அப்பட்டியலில் உள்ளன. உயரத்தைக் குறைப்பதன்றி ஆயுளுக்கும் அறிவுக்கும் ஊறு செய்யாத நோய்களும் உள்ளன. ஆதலால், எந்த நோய் என்ற வினாவுக்கு விடை தேடாமல், எலும்பு குட்டையாக இருக்கிறது என்ற ஒரே செய்தியைப் பெற்றோரின் கையில் கொடுத்து அனுப்புவது, ஒன்றும் சொல்லாதிருப்பதைக் காட்டிலும் கொடியது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கை கால்களின் எலும்புகள் தொடக்கத்திலேயே எலும்பாகத் தோன்றுவதில்லை. முதலில் குருத்தெலும்பினால் ஓர் உருவம் அமைகிறது. அதன் நடுவில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பு உண்டாக, இரு முனைகளையும் அடுத்துள்ள குருத்துத் தகடுகளில் உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் பெருகி, பருத்து, மடிந்து, தம் ஸ்தானத்தை எலும்புக்கு விட்டுக்கொடுக்கின்றன. கருவில் தொடங்கிப் பருவ வளர்ச்சி முடியும்வரை எலும்பு நீள்வது இந்த வழியால்தான். இப்பெருக்கம் வரம்பு மீறிப் போகாதபடி அடக்கி வைக்கும் பொறுப்பையுடைய மரபணுக்களுள் பிரதானமானது, 4-ஆம் குரோமோசோமின் நுனியிலுள்ள எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்பது. அதை அடியோடு நீக்கிய எலிகளின் நீண்ட எலும்புகள் வழக்கத்துக்கு மீறி வளர்ந்ததை 1996-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டபோது, அதன் சுபாவம் வளர்ச்சியைத் தூண்டுவதன்று, தடுப்பதே என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. அம்மரபணு பழுதுபட்டுச் செயலிழந்தால் அன்று, அளவுக்கு மிஞ்சிச் செயல்பட்டால்தான் எலும்பு குட்டையாகிறது.

இவ்வாறு உண்டாகும் நோய்களுள் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது அகோண்ட்ரோபிளேசியா. ஏறத்தாழ 25,000 பிரசவங்களுக்கு ஒன்றில் இது தோன்றுகிறது. உடல் சாதாரண அளவினதாயிருக்க, கைகளும் கால்களும் குறுகி, தலை சற்றுப் பெருத்து, நெற்றி முன்துருத்தி, வளர்ந்த ஆணின் சராசரி உயரம் 131 சென்டிமீட்டராகவும் பெண்ணின் சராசரி உயரம் 124 சென்டிமீட்டராகவும் நின்றுவிடும் இந்நிலையுடையோர், வரலாற்றில் எல்லாக் காலங்களிலும் வாழ்ந்திருக்கின்றனர். எகிப்தில் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே அரசவையில் உயர்பதவி வகித்த செனெப் என்பவர், தம் மனைவியோடும் மக்களோடும் அமர்ந்திருக்கும் அழகிய சிலை கெய்ரோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணுவை 4-ஆம் குரோமோசோமில் அடையாளம் கண்டவர்கள் எலும்பை ஆராய்ந்தவர்கள் அல்லர். ஹண்டிங்டன் என்னும் நரம்பு நோயின் மூலத்தைத் தேடி 4-ஆம் குரோமோசோமின் நுனியைத் துருவிக்கொண்டிருந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஜான் வாஸ்மத்தின் குழுவினர் அவர்கள். அதே குழுவும், பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் குழு ஒன்றும், 1994-இல் சில வார இடைவெளியில் அகோண்ட்ரோபிளேசியாவின் காரணத்தை வெளியிட்டன. அவ்வெளியீட்டின் வியப்பு யாதெனில், எந்த நாட்டவராயினும் எந்தக் குலத்தவராயினும் ஏறக்குறைய எல்லா நோயாளரிடமும் பிழை ஒரே ஸ்தானத்தில், ஒரே விதமாக இருந்ததுதான்: அம்மரபணு ஆக்கும் புரதத்தில் 380-ஆவது இடத்தில் இருக்கவேண்டிய கிளைசின் என்னும் அமினோ அமிலம் நீங்கி, அர்ஜினின் அமர்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான மரபணு நோய்களில் குடும்பத்துக்குக் குடும்பம் பிழை வேறுபட, இங்கோ டி.என்.ஏ.வின் ஒரே எழுத்தைப் படித்தால் போதும் என்றாயிற்று.

அதே புரதத்தில் 248-ஆவது இடத்து அர்ஜினின் சிஸ்டீனாக மாறினால் விளைவது தனடோஃபோரிக் டிஸ்பிளேசியா. மார்புக் கூடு குறுகி, நுரையீரல் விரிவதற்கு இடமின்றி, குழந்தை பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள் இறந்துபோகும். இன்னும் நுட்பமான உதாரணம் 650-ஆவது இடம். அங்கிருக்கும் லைசின் குளுட்டாமிக் அமிலமாக மாறினால் அக்கொடிய நோயே வருகிறது. அதே லைசின் அஸ்பராஜினாக மாறினாலோ, சற்றே உயரம் குறைவதோடு நின்றுவிடும் ஹைப்போகோண்ட்ரோபிளேசியா என்ற மெல்லிய நிலை வருகிறது. ஒரே மரபணு, ஒரே ஸ்தானம், மாறி அமர்ந்த அமினோ அமிலம் மட்டும் வேறு. ஒரு குழந்தைக்கு மரணம், மற்றொரு குழந்தைக்குப் பள்ளியும் தொழிலும் திருமணமும் அடங்கிய முழு வாழ்வு. இவ்வேற்றுமையைத் திரையில் ஓடும் ஒலிப்படத்தைக்கொண்டு முடிவாகச் சொல்வது அனுபவம் மிக்க நிபுணருக்கும் எப்போதும் கைகூடுவதன்று. தொடை எலும்பின் நீளத்தை வயிற்றின் சுற்றளவால் வகுத்து, அது 0.16-க்குக் குறையுமாயின் நோய் உயிருக்கு ஆபத்தானதாயிருக்கக்கூடும் என்று கணிக்கும் முறை ஒன்றுண்டு. அது பெரிதும் பயன்படுவதே எனினும் அனுமானமேயன்றிப் பிரமாணம் ஆகாது. அகோண்ட்ரோபிளேசியாவிலோ 20-ஆவது வாரத்து ஸ்கேனில் தொடை எலும்பு பெரும்பாலும் சரியான அளவிலேயே இருக்கும். 24-ஆவது வாரத்துக்குப் பின்னரே அது பின்தங்கத் தொடங்குகிறது. எல்லாம் நலம் என்று முன்னர் கேட்டு மகிழ்ந்த தாய், 28-ஆவது அல்லது 30-ஆவது வாரத்தில் வேறொரு செய்தியைக் கேட்க நேர்வதற்குக் காரணம், முன்பு பார்த்தவரின் கவனக்குறைவு அன்று, நோயின் இயல்பே.

அகோண்ட்ரோபிளேசியாவுடைய குழந்தைகளுள் 100-க்கு 80 பேர் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். பிழை அவர்களிடம் புதிதாகத் தோன்றியது. ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பர்க், இத்தகைய குழந்தைகள் உடன்பிறந்தாருள் கடைசியாகப் பிறந்தவர்களாகவே பெரிதும் இருப்பதை 1912-லேயே கவனித்துக் குறித்துவைத்தார். அதற்குக் காரணம் தாயின் வயதன்று, தந்தையின் வயதே என்பதை 1955-இல் லயனல் பென்ரோஸ் பிரித்துக் காட்டினார். ஆணின் விரையில் விந்தணுக்களை ஆக்கும் மூல உயிரணுக்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டேயிருப்பவை. இப்பிழை நேர்ந்த மூல உயிரணு, அண்டையிலிருப்பவற்றைக் காட்டிலும் வேகமாகப் பெருகித் தன் வமிசத்தை விரையில் பரப்பிவிடுகிறது என்று ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் பின்னர்க் கண்டனர். எலும்பில் பெருக்கத்தை அடக்கும் அதே மாற்றம் விந்தணுவின் மூலத்தில் பெருக்கத்துக்கு அனுகூலமாக அமைவது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று. கிரகணத்தில் வெளியே சென்றாள், ஆகாததை உண்டாள் என்று தாயைக் குற்றம் கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லையாதலால், இவ்வுண்மையை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துரைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குற்றம் தாயினுடையதன்று, தந்தையினுடையதும் அன்று.

இனி, எலும்பு குட்டையாவதைவிட நொறுங்குவதை இலட்சணமாகவுடைய நோயைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைப் பற்றிப் பேசும்போது சென்னை நகரத்தைப் பேசாதிருக்க முடியாது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிவதற்கு ஆதாரமாக நிற்கும் புரதம் கொலாஜன். 1952-இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், அதன் உள்ளமைப்பு இன்னும் விளங்காதிருப்பதைக் குறிப்பிட, சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரன் தம் ஆராய்ச்சிச் சகா கோபிநாத் கர்த்தாவுடன் அவ்வினாவைக் கையிலெடுத்தார். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கங்காருவின் வால் நாணிலிருந்து எடுத்த கொலாஜன் கிடைக்க, எக்ஸ் கதிர்ப் படங்களைக்கொண்டு ஆராய்ந்து, அது மூன்று புரிகளை முறுக்கிய கயிறுபோன்ற அமைப்புடையது என்று 1954-லும் 1955-லும் வெளியிட்டார். மூன்று இழைகளும் மிக நெருங்கி முறுக்கிக்கொள்வதற்கு, ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஓர் இடம் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசினுக்கே உரியதாயிருத்தல் வேண்டும். ஏனெனில் அவ்விடம் முறுக்கின் உட்புறம் நோக்கியிருப்பது, வேறெதற்கும் அங்கே இடம் போதாது. கிண்டியில் வகுத்த இவ்விதியின் வைத்தியப் பயன் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. கொலாஜன் மரபணுக்களைப் படிக்கும் வித்தை கைவந்தபின், ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்னும் எலும்பு நொறுங்கும் நோயின் கடுமையான வகைகளில், பெரும்பாலும் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் பெரிய அமினோ அமிலம் ஒன்று புகுந்து முறுக்கைக் குலைத்திருப்பதே காரணம் என்று கண்டார்கள். மிகக் கொடிய வகையில் சிசு கருப்பையில் இருக்கும்போதே தொடை எலும்புகள் முறிந்து, முறிந்த இடம் கூடி, மறுபடி முறிந்து மடிந்திருப்பதை ஸ்கேனில் காணலாம்.

ஆஸ்திரேலியாவில் டேவிட் சில்லென்ஸ் 1979-இல் இந்நோயை நான்கு வகைகளாகப் பிரித்தபோது, பெற்றோர் நலமாயிருக்கக் குழந்தை மட்டும் இறந்துபோகும் இரண்டாம் வகையை, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்து வெளிப்படும் நோய் என்று கருதினார்; அவ்வாறாயின் அடுத்த குழந்தைக்கும் 4-இல் 1 பங்கு அபாயம் உண்டு. மரபணுவை நேரே படிக்க முடிந்த காலத்தில் அது பெரும்பாலும் உண்மையன்று என்று தெரிந்தது: பிழை அக்குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதே. ஆயினும் சில குடும்பங்களில் அது திரும்பி வந்தது. தாயின் முட்டைகளிலோ தந்தையின் விந்தணுக்களிலோ ஒரு பகுதி மட்டும் அப்பிழையைத் தாங்கியிருந்ததே காரணம். ஆதலால் அபாயம் 25 சதவீதத்திலிருந்து மிகச் சில சதவீதமாகக் குறைந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. 2006 முதல், இருவரிடமும் மறைந்திருந்து வரும் உண்மையான வகைகளும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டு தாய்மார்கள் ஒரேவிதமான துயரத்துக்கு ஆளாகியிருப்பார்கள், இரு குழந்தைகளின் எக்ஸ்-ரே படங்களும் ஒத்திருக்கும். ஒருத்திக்கு அடுத்த கர்ப்பத்தில் அபாயம் மிகச் சிறிது, மற்றொருத்திக்கு நாலில் ஒரு பங்கு. எவள் எவ்வகையினள் என்பதை இறந்த குழந்தையின் மரபணு ஒன்றே சொல்லும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது வழக்கமாயிருந்து வந்த தமிழ்நாட்டில், மறைந்திருக்கும் ஒரே பிழையைக் கணவனும் மனைவியும் பொது மூதாதையிடமிருந்து பெற்றிருக்கும் வாய்ப்பு மிகுதியாதலால், இப்பாகுபாடு நமக்கு மற்றெவரையும்விட அவசியமானது.

சிசுவின் மரபணுவைப் பெறுவது எப்படி? 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியின் நுண்ணிய துணுக்கை ஊசியால் எடுத்தல், 15-ஆவது வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுத்து அதில் மிதக்கும் உயிரணுக்களைச் சோதித்தல் என்பன பழகிப்போன முறைகள்; தேர்ந்த கையில் இவற்றால் கருச்சிதைவு நேர்வது 100-க்கு 1-க்கும் குறைவே. சான்பிரான்சிஸ்கோவில் யூயட் வாய் கான், ஆந்த்ரே டோஸி என்னும் இருவர் 1978-இல் டி.என்.ஏ.வைக்கொண்டு கருவிலேயே பரம்பரை இரத்த நோயை அறியும் வழியைத் திறந்தனர். 1997-இல் டென்னிஸ் லோவும் அவர் சகாக்களும், கருவிலுள்ள சிசுவின் டி.என்.ஏ. தாயின் இரத்த நீரிலேயே மிதக்கிறது என்று காட்டியது அதனினும் பெரிய திருப்பம். அது உண்மையில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்களிலிருந்து உதிர்வது. தாயின் இரத்த நீரிலுள்ள டி.என்.ஏ.த் துணுக்குகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது. பிரசவமான சில மணி நேரத்தில் மறைந்துபோவது. தாயிடம் இல்லாத எழுத்து ஒன்று அவளுடைய இரத்தத்தில் காணப்படுமாயின் அது சிசுவினுடையதே என்பது தெளிவு. புதிதாகத் தோன்றும் அகோண்ட்ரோபிளேசியாவுக்கும் தனடோஃபோரிக் டிஸ்பிளேசியாவுக்கும் இதைவிடப் பொருத்தமான முறை வேண்டுவதில்லை. இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் ஆய்வுக்கூடம் இப்பரிசோதனையைப் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்குள் கொண்டுவந்திருக்கிறது. தாய்க்கே அந்நோய் இருந்தால் மட்டும் காரியம் கடினமாகிறது; இருவகை எழுத்துகளின் விகிதத்தை எண்ணிக் கணக்கிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

பெற்றோர் இருவருக்குமே அகோண்ட்ரோபிளேசியா இருக்கும் தம்பதிகளைப் பற்றி இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய குழந்தை சாதாரண உயரமுடையதாக இருக்க 4-இல் 1 பங்கும், பெற்றோரைப்போலவே இருக்க 4-இல் 2 பங்கும், இருவரிடமிருந்தும் பிழையைப் பெற்றுப் பிறந்த சில வாரங்களில் இறந்துவிட 4-இல் 1 பங்கும் வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 1957-இல் தோன்றிய உயரம் குறைந்தோர் சங்கத்தினர், 1994-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி கேட்டு ஒருபுறம் ஆறுதலும் மறுபுறம் அச்சமும் அடைந்தனர். பிழைக்கமுடியாத குழந்தையை முன்னறியலாம் என்பது ஆறுதல், தங்களைப்போன்றவர்கள் பிறவாதபடி உலகம் இப்பரிசோதனையைப் பயன்படுத்துமோ என்பது அச்சம். அத்தம்பதிகளுள் பலர் வேண்டியது இருமடங்குப் பிழையைக் கண்டறியும் விடையை மட்டுமே. அவர்களுடைய அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பரிசோதனை எதைச் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அதைக் கேட்பவருக்கு உண்டு. உயரம் குறைந்த ஒரு வாழ்வைப் பற்றி அவ்வாழ்வை வாழாதவர்கள் எளிதில் தீர்ப்புக் கூறுவது அறமன்று. சிசுவின் பாலினத்தை அறிய இக்கருவிகளைத் துஷ்பிரயோகம் செய்த அனுபவத்தால் நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அது மரபணு நோய்களுக்கான பரிசோதனையை அனுமதிக்கிறது, கர்ப்பிணியின் எழுத்து மூலமான சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது.

முன்னறிதலின் பயன் கர்ப்பத்தைக் கலைப்பதிலேயே முடிகிறது என்று எண்ணுவோர் பலர். இன்று அவ்வெண்ணம் பொருந்தாது. ஹைப்போஃபாஸ்ஃபடேசியா என்ற நோயில் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சரிவரப் படிவதில்லை. அதன் கடுமையான வகையுடன் பிறந்த குழந்தைகள் ஒருகாலத்தில் பெரும்பாலும் இறந்துபோயின. குறைபட்ட நொதியை ஊசி மூலம் செலுத்தும் அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா 2015-இல் அங்கீகாரம் பெற்றபின், பிறந்தவுடன் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். பிறக்குமுன் நோயைத் தெரிந்துவைத்திருப்பது இங்கே உயிரைக் காப்பதாகும். அகோண்ட்ரோபிளேசியாவில் எலும்பின் வளர்ச்சியைச் சற்று மிகுவிக்கும் வோசோரிடைடு 2021-இல் வந்தது. அந்நோயுள்ள கைக்குழந்தையின் மண்டையோட்டின் அடியிலுள்ள துவாரம் குறுகித் தண்டுவடத்தை நெரிக்கக்கூடுமாதலால், முன்னரே அறிந்த மருத்துவர் முதல் மாதங்களிலிருந்தே மூச்சையும் உறக்கத்தையும் கண்காணிப்பார். இம்மருந்துகளின் விலை இன்று மிகப் பெரிது. அதைக் குறைப்பது அரசாங்கங்களின் கடமை.

இந்நூலைப் படிப்பவர்களுள் எவரேனும், எலும்பு நோயுள்ள குழந்தையைப் பெற்றவராகவோ, அத்தகைய குழந்தையை இழந்தவராகவோ இருக்கலாம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கர்ப்பம் உண்டானபின் பரிசோதனைக்கு ஓடுவதைவிட, உண்டாவதற்கு முன்பே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி போன்ற, மரபியல் துறையுள்ள மருத்துவமனை ஒன்றுக்குச் செல்லுங்கள். குடும்பத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் வரப்போகும் சிசுவிடம் எதைத் தேடுவது என்று மருத்துவருக்குத் தெரியும். குழந்தை இறந்தே பிறந்தாலும், பிறந்தபின் இறந்தாலும், அந்தத் துயரத்தின் நடுவிலும், உடல் முழுவதையும் காட்டும் ஓர் எக்ஸ்-ரே படம் எடுக்கவும், சிறிது இரத்தத்தையோ தொப்புள்கொடியின் துண்டையோ டி.என்.ஏ.வுக்காகப் பாதுகாத்து வைக்கவும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கம் செய்த பின்னர் அந்த வினாவுக்கு விடை தேடுவது மிகக் கடினம்.